ஏழு நாள் பயணமும் ஒரு இரவல் ஜெனரேட்டரும்

கிளம்புவதற்கு முந்தின நாள்

ஜெனரேட்டர் வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் மூன்று மாதமாக ஓடுகிற பேச்சுக்கு முடிவு கட்டத்தான் இந்தப் பயணம். உள்ளேயே படுத்துத் தங்குகிற பழைய கேம்பர் வேன் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறோம். வருடத்துக்கு நாலைந்து முறை எடுப்போம், ஒரு வாரத்துக்கு மேல் எந்தப் பயணமும் போனதில்லை. எனக்கும் மனைவிக்கும் மட்டும் என்றால் ஜெனரேட்டர் பேச்சே வந்திருக்காது, இருட்டினால் படுத்துவிடுவோம். இந்த முறையிலிருந்து மாமனாரும் வருகிறார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொந்தரவு அவருக்கு, மூச்சுக்குழாய்க்குள் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் (CPAP) இயந்திரத்தின் முகமூடி ராத்திரி முழுக்க முகத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும், அதுவும் தவறாமல் வேண்டும்.

வேனில் இருப்பது 100 ஆம்ப்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று, கூரையில் 100 வாட் சோலார் தகடு ஒன்று. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுசு குறைந்துவிடும், ஆக 100 என்று எழுதியிருந்தாலும் நம் கைக்கு வருவது 50 தான், அதாவது 12 வோல்ட்டில் சுமார் 600 வாட்-ஹவர் (100 வாட் சாமான் ஒன்று ஆறு மணி நேரம் ஓடுகிற அளவு).

கடைகளில் விசாரித்துப் பார்த்தேன். ஹோண்டா, யமஹா இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் (சுமைக்குத் தகுந்தபடி இஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தம் குறைவான வகை) என்றால் எல்லோரும் நல்ல பேர் சொல்கிறார்கள், ஆனால் வருடத்துக்கு இருபது நாள் தொடப்போகிற பொருளுக்கு அந்த விலை மனசுக்கு ஒப்பவில்லை. தம்பி போனில் சிரித்தான். "என்னத்துக்குண்ணே காசைக் கொட்டற, என்னோடதை எடுத்துட்டுப் போ, 3000 வாட்." கட்டட வேலைக்கு அவன் வைத்திருப்பது, இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் இஞ்சின் உட்கார்ந்திருக்கும் வகை. ஏற்றும்போது நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். 45 கிலோ. வேனின் பின்கதவைத் திறந்தாலே பெட்ரோல் வாடை. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, மூக்கை மட்டும் சுருக்கினார்.

முதல் நாள், ஏரிக்கரை

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தோம். மரநிழல் பிரமாதம், சோலாருக்கு அதுவே சனி. சரி, ஜெனரேட்டரை இறக்குவோம் என்று இறக்கிக் கயிற்றை இழுத்தால் இழுக்கிறேன் இழுக்கிறேன், கிளம்புகிற வழியாக இல்லை. தம்பியிடம் கேட்டால் "கடைசியா ஓட்டி ஒரு ஏழெட்டு மாசம் இருக்கும்ணே" என்கிறான் சாவகாசமாக. பழைய பெட்ரோல். மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும், மிச்சம் பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளையில் போய் அடைத்துக்கொள்ளும். எத்தனால் கலந்தது என்றால் காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்திப் பழையதை வடித்து, புதுசு ஊற்றி, சோக்கை இழுத்துவிட்டுப் பார்த்ததில் ஒருவழியாகப் பிடித்தது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

எப்போதாவது எடுக்கிற ஆளுக்கு இதுதான் உண்மையான பிரச்சினை என்று அந்த இருபது நிமிஷத்தில் புரிந்துவிட்டது. வாட் எண்ணைப் பற்றி மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன், சும்மா கிடக்கும் பத்து மாதத்தைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

ஓட ஆரம்பித்ததும் அடுத்த சங்கதி. சத்தம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் இது ஒரு சத்தமாகவே தெரியாது, ஏரிக்கரையில் கொக்கு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஏதோ ரைஸ் மில்லைத் திறந்துவிட்டது போல இருந்தது. பத்து நிமிஷத்தில் பக்கத்து வேனிலிருந்து ஒரு அம்மா வந்தார். சண்டை போடவில்லை. "தம்பி, இது எவ்வளவு நேரம் ஓடும்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் ஓட்ட எனக்கு முகம் இல்லை, அணைத்துவிட்டேன். ராத்திரி எப்படியும் ஓட்டக் கூடாது, அமைதி நேரம் என்று நுழைவாயிலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மாமனாரின் இயந்திரம் ஓட வேண்டியது ராத்திரி, ஜெனரேட்டர் ஓடக்கூடியது பகல். ஆக ஜெனரேட்டருக்கும் சிபாப்புக்கும் நேரடித் தொடர்பே இல்லை, நடுவில் பேட்டரி இருக்கிறது, ஜெனரேட்டர் செய்யப்போவது அந்தப் பேட்டரியை நிரப்புகிற வேலை மட்டும்தான். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் 45 கிலோவைத் தூக்கி வந்திருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள், அதே ஏரிக்கரை

இன்றைக்கு ஊர் சுற்றவே இல்லை. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று கொண்டுவந்திருந்தேன், ஒவ்வொரு சாமானாக மாட்டி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்து, "என்னங்க, வீட்டிலேயே செய்திருக்கலாமே இதை" என்றாள். செய்திருக்கலாம்தான். நீங்களாவது வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

சிபாப்பை ஈரப்பதச் சூட்டோடு (காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்குகிற பகுதி) ஓட்டினால் 80 வாட்டைத் தொடுகிறது, அந்தச் சூட்டை அணைத்துவிட்டால் 35. எட்டு மணி நேரத்துக்கு 280 வாட்-ஹவர். (சூட்டை அணைக்கலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டிருந்தோம், இவருக்குப் பரவாயில்லை என்றார், நீங்களும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.) இயந்திரத்துக்கென்று 12 வோல்ட் அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது, அதை மாட்டினால் பேட்டரி கரண்டை இன்வெர்ட்டர் வைத்து 230 ஆக்கி, அதை மறுபடி இறக்குகிற வீண் செலவும் மிச்சம். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட், ஆனால் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடுகிறது, நாளுக்கு 400. விளக்குகள் எல்லாம் எல்இடி, 40. போன், லேப்டாப் 100. மொத்தம் 820 வாட்-ஹவர். கையில் இருப்பது 600. நல்ல வெயிலில் நிறுத்தினால் சோலார் 350, 400 தரும், அப்போது முதல் நாள் கணக்கு நேராகிவிடும், ஆனால் மறுநாளிலிருந்து தினமும் 420, 470 இடிக்கும். நிழலிலோ மேகத்திலோ நின்றால் முதல் நாளே நேராகாது. எங்களுக்கு ஜெனரேட்டர் வேண்டியது அந்தக் குறைவை நிரப்பத்தான்.

பெரிய தீனிக்காரர்கள் இரண்டே பேர். கெட்டில் 1500 வாட். மைக்ரோவேவ் முகப்பில் 800 என்று போட்டிருக்கிறது, மீட்டர் 1200 காட்டுகிறது. 800 என்பது உள்ளே இருக்கும் பொருளுக்குப் போகிற சூடு, சுவரிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம், இதில் ஏமாறாதவர்கள் குறைவு. இரண்டையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். வேனில் கேஸ் அடுப்பு இருக்கிறது, வெந்நீருக்கு அது போதும்.

கூரையில் ஒரு பழைய ஏசி வேறு இருக்கிறது. ஓடும்போது 1100 வாட் என்று அதன் தகட்டில் இருக்கிறது, ஆனால் கம்ப்ரஸர் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். எல்லாருடைய ஜெனரேட்டர் கணக்கையும் வீங்க வைப்பது இந்த ஒரு நொடிதான். ஏசி ஓட்டியே ஆக வேண்டும் என்றால் 2000 வாட் வகைக்குக் குறைந்து பேச்சே இல்லை, அதிலும் ஏசிக்கு அந்த முதல் நொடி இழுப்பைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்கிற சின்னப் பெட்டியை மாட்டினால்தான் நிம்மதி. நாங்கள் ஏசி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், தாங்க முடியாத வெக்கை என்றால் அன்றைக்கு மட்டும் கரண்ட் இணைப்பு உள்ள முகாமில் தங்கிக்கொள்வது. மனைவி இதற்கு உடனே தலையாட்டவில்லை. "அந்த இணைப்புக்கு யார் காசு குடுக்கறது?" என்றாள். நான்தான்.

மத்தியானம் பக்கத்து வேன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, நீளமான வயர் போட்டு, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினேன். பேட்டரி சார்ஜர் 20 ஆம்ப், அது இழுத்தது 340 வாட். அந்த 340-க்காக 3000 வாட் இஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் இந்த வகையில் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இஞ்சின் வேகத்திலிருந்துதான் வருகிறது, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே ஓட்டம் ஓடியாக வேண்டும். இரண்டு லிட்டர் பெட்ரோல் காலி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

இன்னொன்றும் கவனித்தேன். 40 சதவீதத்தில் இருந்த பேட்டரி 80 வரும்வரை சார்ஜர் 20 ஆம்ப் முழுசாகக் கொடுத்தது, அதற்கு மேல் தானாகவே 6, 5 என்று குறைத்துக்கொண்டது. கடைசி 20 சதவீதத்துக்கு நாலைந்து மணி நேரம் ஆகும், அதற்காக ஜெனரேட்டரை ஓட்டுவது பெட்ரோலைத் தரையில் ஊற்றுவதற்குச் சமம். காலையில் ஜெனரேட்டரால் 80 வரை ஏற்றிவிட்டு மிச்சத்தை சோலாரிடம் விட்டுவிடுவது சரியான முறை என்று படுகிறது. அப்படியே பாதியில் நாள்கணக்கில் விட்டுவிடவும் கூடாது, லெட்-ஆசிட் அதைத் தாங்காது.

மூன்றாம் நாள், மலை

கொண்டை ஊசி வளைவுகள், பனிமூட்டம், மாமனாருக்குத் தலைசுற்றல். சுமார் 1800 மீட்டர் உயரத்தில் முகாம். குளிரில் ஏசி பேச்சே இல்லை, நல்லது.

ஜெனரேட்டருக்கும் தலைசுற்றல்தான் போல. கறுப்புப் புகை, திக்கித் திக்கி ஓட்டம். உயரம் ஏற ஏறக் காற்று மெலிசாகிறது, கார்புரேட்டரோ கீழே விட்ட அதே அளவு பெட்ரோலையே விடுகிறது. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, ஸ்பார்க் பிளக்கில் கரி. கார்புரேட்டரை உயரத்துக்குத் தகுந்தபடி மாற்றினாலும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம் சக்தி போகும், மாற்றாவிட்டால் இன்னும் அதிகம் என்பது தயாரிப்பாளர்களின் கையேடுகளில் இருக்கும் கணக்கு. 1800 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அடிக்கடி மலைக்குப் போகிறவர்களுக்கு உயரத்துக்கென்று தனி ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு) விற்கிறார்கள், மாட்டலாம், இறங்கி வந்ததும் பழையதை மறக்காமல் திருப்பி மாட்ட வேண்டும். நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்: 900 வாட் தருவது என்றால் மலையில் 710. எனக்கு வேண்டியது 340. இடிக்கவில்லை.

நான்காம் நாள், மலை

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

மத்தியானம் மாமனார் வேனுக்குள் படுத்திருந்தார். வேனிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஜெனரேட்டர், புகைபோக்கி எதிர்ப்பக்கம் பார்த்து. வயர் நீளமாக இருந்தும் குளிரில் சோம்பல்பட்டு அங்கேயே வைத்துவிட்டேன். நானும் மனைவியும் வெளியே. அரை மணி நேரத்தில் வேனுக்குள்ளிருந்து கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. காற்று திசை மாறியிருக்கிறது, பின் ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருந்தது. ஓடிப்போய் இஞ்சினை அணைத்து, கதவெல்லாம் திறந்து, அவரை வெளியே கூட்டிவந்து உட்கார வைத்தோம். "லேசா தலை வலிக்குது மாப்பிள்ளை, மலை ஏறினதால இருக்கும்னு நினைச்சேன்" என்றார். அதுதான் பயங்கரம். இஞ்சின் புகையிலுள்ள அந்த விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, தலைவலியும் மயக்கமும் வந்தாலும் வேறு காரணம் சொல்லிக்கொண்டு படுத்துவிடுவோம். புகை நாற்றம் வரவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று நினைப்பது தப்பு. கீழே இறங்கி மருத்துவரிடம் காட்டினோம், ஒன்றும் பயமில்லை என்று அனுப்பிவிட்டார். அவள் என்னோடு ராத்திரி வரை பேசவில்லை.

ஆறு மீட்டர், அதுதான் குறைந்தபட்சம். புகை ஜன்னல் கதவுகளுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும், காற்று மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வேனின் துணிப் பந்தலுக்கு அடியில் வைக்கவே கூடாது, நம் வேனுக்கு மட்டுமில்லாமல் அடுத்த வேனுக்கும் அதே ஆறு மீட்டர். அந்த அலாரத்தை வேனை விற்றவர் இலவசமாகக் கொடுத்தார், பேட்டரி மாற்றச் சோம்பல்பட்டுக் கழற்றிப் போட இருந்தேன். ஜெனரேட்டர் எது வேண்டுமானாலும் வாங்குங்கள், அலாரம் இல்லாமல் வாங்காதீர்கள். வயரும் தாராளமான நீளத்தில், தடிமனாக இருக்கட்டும், மெல்லிய வயர் சூடாகும்.

ஐந்தாம் நாள், ஆற்றோரம்

மலையிலிருந்து இறங்கிவிட்டோம். மாமனார் தெம்பாக இருக்கிறார், எனக்குத்தான் இன்னும் கை நடுங்குகிறது.

பக்கத்தில் வேன் போட்டிருந்தவர் ஒரு கையில் சூட்கேஸ் மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். பெரிய பெயர் இல்லாத ஏதோ மலிவு பிராண்ட், 1000 வாட் இன்வெர்ட்டர் வகை, 13 கிலோதான். பேச்சுக் கொடுத்தேன், நல்ல மனுஷர், "வேணும்னா உங்க சார்ஜரை மாட்டிப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டார். இப்படி ஒரு வார்த்தைக்காகத்தானே காத்திருந்தேன்.

மாட்டினோம். எகோ சுவிட்சைப் போட்டதும் இஞ்சின் வேகம் இறங்கி ஒரு முணுமுணுப்பாகிவிட்டது. இந்த வகையில் இஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதி அதை நேர்மின்னோட்டமாக்கி, பிறகு சுத்தமான 50 ஹெர்ட்ஸ் அலையாகச் செய்து வெளியே தருகிறது, அதனால் சுமைக்குத் தகுந்தபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. தம்பியின் ஜெனரேட்டரில் சார்ஜர் ஒரு மாதிரி உறுமும், இதில் மூச்சு விடவில்லை. சிபாப் மாதிரி நுண்ணிய சாமானை நேரடியாக மாட்ட வேண்டி வந்தால் நான் இந்த வகையைத்தான் நம்புவேன். இரண்டு மணி நேரத்தில் குடித்தது ஒரு லிட்டருக்கும் குறைவு.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றி அவரும் புலம்பினார். பெரிசாக 1000 என்று இருக்கிறதே, அது கொஞ்ச நேரத்துக்கான உச்சம், தொடர்ந்து தருவது 900 அல்லது 800, அது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். டெசிபெலும் அப்படியே. கால் சுமையில் ஏழு மீட்டர் தள்ளி அளந்த எண்ணைத்தான் போடுவார்கள், முழுச் சுமையில் எவ்வளவு என்று கேட்டால்தான் சொல்வார்கள். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம், ஆகவே 58-க்கும் 68-க்கும் உள்ள தூரத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

ஆசைக்குக் கெட்டிலையும் மாட்டிப் பார்க்கலாமா என்றேன். சிரித்துக்கொண்டே மாட்டச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, கரண்ட் மட்டும் நின்றுவிட்டது. அணைத்துத் திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது. மாமனார் ஆற்றில் கால் நனைத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், "அடுப்புல வெச்சா இந்நேரம் கொதிச்சிருக்கும்" என்றார்.

ஆறாம் நாள், மழை

நாள் முழுக்க மழை. மழையில் ஜெனரேட்டரை நனைய விட்டு ஓட்டக் கூடாது, பந்தலுக்கடியில் வைக்கவும் கூடாது, ஆக ஓட்டவில்லை. பக்கத்து ஊர் வரை வேனை ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் வந்தோம், இஞ்சினின் ஆல்டர்னேட்டர் பேட்டரியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டது. ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்தேன். சிபாப் விடியும்வரை ஓடியது.

ஏழாம் நாள், வீடு

தம்பியின் ஜெனரேட்டரை ஒப்படைக்கும் முன் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருந்தது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு, டேங்கையும் காலி செய்து கொடுத்தேன். "இவ்வளவு எதுக்குண்ணே?" என்றான். கயிற்றை இழுத்தது நான்தானே.

முடிவு இப்படி. 1000 வாட் வகை இன்வெர்ட்டர், தொடர்ந்து 800-க்குக் குறையாமல் தருவது, நான்கு ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டிய இரண்டு ஸ்ட்ரோக் இன்னும் மலிவாக வருகிறது, அதன் புகையும் சத்தமும் எனக்கு ஆகாது. கேஸிலும் ஓடும் இரட்டை எரிபொருள் வகை மேல் ஒரு கண் இருக்கிறது, கேஸ் பத்து மாதம் கிடந்தாலும் கெட்டுப் போகாது, கார்புரேட்டர் அடைக்காது, வேனில் சிலிண்டர் ஏற்கெனவே உண்டு. சக்தி சுமார் பத்து சதவீதம் குறையும், பரவாயில்லை. கடும் குளிரில் சிலிண்டர் சுணங்கும் என்பதையும் தெரிந்தேதான் சொல்கிறேன். பெரிய லித்தியம் பேட்டரிப் பெட்டி வாங்கலாமே என்று மனைவி கேட்டாள். நல்ல யோசனை, விலையைக் கேட்டதும் அவளே விட்டுவிட்டாள்.

புதுசு வாங்கினால் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும், ஊற்றாமல் ஓட்டக் கூடாது, முதல் 20 மணி நேரத்தில் அதை மாற்றிவிட வேண்டும். ஆனால் நான் முதலில் பழையதைத்தான் பார்க்கப்போகிறேன், எங்களைப் போலவே ஆசையாக வாங்கி இரண்டு முறை எடுத்துவிட்டு மூலையில் போட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒருவர் கிடைத்திருக்கிறார், இரட்டை எரிபொருள் வகை, புதுசில் பாதி விலை சொல்கிறார். புதன்கிழமை போகிறேன், பையில் வாட் மீட்டரும் சார்ஜரும் இருக்கும். நான் வருகிறவரை இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், குளிர்ந்த இஞ்சின் எத்தனையாவது இழுப்பில் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும்.